கஷாயத்தில் வந்த ஆரஞ்சு

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை. மலையில் தீபம் ஏற்றி ஐந்தாம் நாள், புதன்கிழமை. அன்றைக்கு நடந்ததை மணிவாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இப்போது எடுத்துப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தில் என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரிவதில்லை.

அப்போது நான் ஊரிலிருந்த ஒரு கல்லூரியில் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டர். மனைவிக்குப் பனிக்காலம் வந்தால் மூச்சிழுப்பு வரும். எனக்குத் தீபத்தன்று சைக்கிளிலிருந்து விழுந்ததில் முட்டி வீங்கியிருந்தது. இரண்டையும் கேள்விப்பட்ட என் அக்கா செவ்வாய் மாலை கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

"ரெண்டு கட்டு தழை கொண்டாந்திருக்கேன். கஷாயத்துக்கு ஆடாதோடை. உன் முட்டிக்கு ஊமத்தை, வாட்டிக் கட்டிக்கோ. படிச்சவங்க வீடுன்னுதான் பேரு, ஒரு தழை தெரியாது ரெண்டு பேருக்கும்" என்றாள். இரவு தங்கிவிட்டு, காலை முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டாள்.

12.40க்கு நான் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வாய் உலர்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டு பேச்சு குழறியது. கையைப் பிடித்தால் நாடி ஓடிய ஓட்டத்தை எண்ண முடியவில்லை.

"என்ன குடிச்சே?"

"அக்கா குடுத்த தழையைத்தாங்க காய்ச்சினேன். ஒரு கட்டுதான் இருந்துச்சு."

ஒரு கட்டு. சமையலறையில் வெறும் துணி ஒன்று கிடந்தது. இன்னொரு கட்டை எங்கும் காணோம். வெந்த தழை கூழாகியிருந்தது. எந்த இலை என்று பார்த்துச் சொல்ல வழியில்லை. ஊமத்தை உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் படித்திருந்தேன். வாய் உலரும். நெஞ்சு படபடக்கும். கண் பாவை விரியும். அதற்குப் பிறகு வருவதையும் படித்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "பாவை கொஞ்சம் விரிஞ்சிருக்கு. வயித்தைக் கழுவிடறோம். ஆனா என்ன குடிச்சாங்கன்னு தெரிஞ்சாத்தான் மேல மருந்து குடுக்க முடியும். உங்களுக்கு லேப் இருக்கே, பாத்துச் சொல்லுங்க."

பஸ் ஸ்டாண்டில் ஒரு கண்டக்டரிடம் அக்காவுக்குச் சேதி சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் மிச்சக் கஷாயத்தை ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு கல்லூரிக்கு மிதித்தேன். முட்டி வலித்ததா என்பது நினைவில்லை.

1.50. கஷாயத்தில் கொஞ்சம் அமிலம் சேர்த்து வடிகட்டினேன். பிஸ்மத்தும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கரைசலை மூன்று சொட்டு விட்டேன். செடியின் சாற்றில் ஆல்கலாய்டு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் திரளும்; ஊமத்தையின் விஷமும் ஆல்கலாய்டுதான். மாணவர்களுக்கு வருஷா வருஷம் நான் செய்து காட்டும் சோதனைதான். சோதனைக் குழாயில் ஆரஞ்சு திரண்டு, மெதுவாக அடியில் இறங்கியது. நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். இவள் அக்கா கையாலேயே போய்விட்டாளே என்று நினைத்தேன். அந்த வார்த்தைகளிலேயே நினைத்தேன்.

லேப் அட்டெண்டர் பக்கத்தில் வந்து குழாயைப் பார்த்தார். பாட்டிலை முகர்ந்தார்.

"இன்னா சார், மிளகு வாசனை தூக்குது?"

"கஷாயம்னா மிளகு போடாமலா?"

"அப்போ இந்தக் கலரு மிளகுக்கு வராதா சார்?"

கன்னத்தில் அறைந்ததுபோல் இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழாய் வைக்காமல் எந்த முடிவையும் எழுதாதே என்று பையன்களைத் திட்டுகிறவன் நான். கேன்டீனிலிருந்து மிளகு வாங்கி வந்து கொதிக்க வைத்தேன். ஆரஞ்சு. அட்டெண்டர் காட்டிய வேலியோரத்து ஆடாதோடையைக் கொதிக்க வைத்தேன். அதுவும் ஆரஞ்சு. "ரசத்தையே விஷம்னு சொல்லும்போல உங்க மருந்து" என்றார் அட்டெண்டர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகு ஆரஞ்சு காட்டுகிறது என்பதால் கஷாயத்தில் ஊமத்தை இல்லை என்று ஆகிவிடாது.

ஊமத்தைக்கென்றே ஒரு சோதனை உண்டு. சாற்றைக் குளோரோபார்மில் பிரித்து, சைனா டிஷ் என்னும் பீங்கான் கிண்ணத்தில் உலர்த்தி, நைட்ரிக் அமிலம் விட்டு, வெந்நீர்த் தொட்டிமேல் மறுபடி உலர்த்த வேண்டும். பிறகு ஆல்கஹாலில் கரைத்த பொட்டாஷ் ஒரு சொட்டு. ஊமத்தையானால் வயலட் வரும். வந்த வேகத்தில் மங்கிவிடும். கண்ணை எடுக்கக் கூடாது.

காம்பவுண்டுக்குப் பின்னாலிருந்து அட்டெண்டர் ஊமத்தை பறித்து வந்தார். 3.35: அந்த டிஷ்ஷில் வயலட் பூத்தது. அவ்வளவு அழகான நிறத்தைப் பார்த்து அவ்வளவு பயந்தது அந்த ஒரு முறைதான். 3.40: கஷாயத்தின் டிஷ்ஷில் சொட்டு விட்டேன். பழுப்பு. மூச்சை அடக்கிக்கொண்டு நூறுவரை எண்ணினேன். பழுப்பாகவே இருந்தது. நம்பாமல் இன்னொரு முறை செய்தேன். பழுப்பு.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டிருந்தாள். நாடி இறங்கியிருந்தது. டாக்டர் கையில் ஒரு மாத்திரை அட்டை. "கஷாயம் போதாதுன்னு இழுப்பு மாத்திரை மூணு முழுங்கியிருக்காங்க. ஒண்ணு போட வேண்டிய இடத்துல. வாய் உலர்றதும் படபடப்பும் பாவை விரிஞ்சதும் அதனாலதான்."

"ரெண்டும் சேந்தா சீக்கிரம் நிக்கும்னு நெனச்சேங்க" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அக்கா அவள் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"கஷாயத்தை டெஸ்ட் பண்ணப் போனியாமே."

"ஆமாக்கா."

"கஷாயத்தையா தம்பி? என்னைத்தானே டெஸ்ட் பண்ணிட்டு வர்றே."

"அந்த ஊமத்தைக் கட்டு எங்கக்கா?" என்றேன்.

"உன் சைக்கிள் பையில. வீட்டுல ரெண்டையும் ஒண்ணா வெச்சா இவ மாத்திப் போட்டுடுவானு, காத்தால நீ குளிக்கிறப்ப அதுல வெச்சிட்டுப் போனேன்."

வெளியே வந்து, ஹேண்டில்பாரில் தொங்கிய பைக்குள் கைவிட்டேன். ரெக்கார்டு நோட்டுகளுக்கு அடியில் மஞ்சள் துணியில் கட்டிய இலைகள், நாள் முழுக்க வெயிலில் வதங்கிக் கிடந்தன. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அதைச் சுமந்துகொண்டேதான் அலைந்திருக்கிறேன்.

அன்றைய பக்கத்தின் கடைசி வரி: 5.20, வயலட் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சொன்ன பதிலை நோட்டில் எழுதவில்லை. "வந்திருந்தா என்னை என்னடா பண்ணியிருப்பே?" என்று கேட்டாள்.