ஜாடி கொடுத்த மைலேஜ்

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன் வாயுவைப் பிரித்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் மிச்சமாகும் என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொல்ல, அப்படியே நம்பிவிட்டேன். எனக்குப் பல்லடத்தில் கோழிப்பண்ணை. தினமும் காரில் கோவை போய்வர வேண்டும். ஊறுகாய்க் கண்ணாடி ஜாடியில் சோடா உப்புத் தண்ணீர் ஊற்றி, இரண்டு ஸ்டீல் தகடுகளை இறக்கி, பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தேன். குமிழியாக வந்த வாயுவை டியூப் வழியாகக் கார்புரேட்டருக்கு விட்டு, ஜாடியை பானெட்டுக்குள் கயிற்றால் கட்டினேன்.

லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் ஓடிய கார் பன்னிரண்டு ஓடியது. சிங்காநல்லூர் வரை பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் காலை ஸ்டார்ட் செய்ததும் ஜாடி டமார் என்று வெடித்தது. எஞ்சினின் நெருப்பு டியூப் வழியே திரும்பிவிட்டதாம். நல்லவேளை, தண்ணீர் ஊற்றிவிட்டு பானெட்டை அப்போதுதான் மூடியிருந்தேன். பக்கத்தில் நின்ற என் மனைவிமேல் ஒரு சில்லுகூடப் படவில்லை.

“இருந்தாலும் மைலேஜ் கொடுத்துச்சே, அம்மணி” என்றேன்.

“ஏனுங்க, ஜாடி ஒடஞ்சுபோகுமுன்னு நீங்க எத்தன மெதுவா ஓட்டுனீங்க! அதுலதானுங்க கொடுத்துச்சு.”

ஜாடி இல்லாமல் அதே நிதானத்தில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். அதே பன்னிரண்டு!

இப்போதெல்லாம் என் மனைவி மடியில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீருடன்தான் காரில் ஏறுகிறாள். நான் கொஞ்சம் வேகமெடுத்தால் போதும், “ஏனுங்க, பெட்ரோல் சிந்துதுங்க!” என்கிறாள்.