றொட்னி பாடிய இங்கிலீசு

மன்னார்க் கடலோரப் பேசாலையில் மீன்பிடி வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் றொட்னிக்கு அறுபது வயது. இளமையில் றொக், புளூஸ் என்று இங்கிலீசுப் பாட்டுகளால் ஊரையே கிறங்கடித்த குழுவின் பாடகர் அவர். எந்தக் கடலுக்கும் அஞ்சாத அந்த மனிதர், அன்று பின்னேரம் கதிரையில் முள்மேல் இருப்பதுபோல் இருந்தார்.

காரணம், பழைய ட்ரம்ஸ்காரன் பைறூஸ். குழு முதன்முதலாக மீன்வாடியில் பதிவுசெய்த கசற்றைத் தேடியெடுத்து, கைபேசியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"போடுங்கோ அங்கிள்," என்றாள் றொட்னியின் மகள் கிருஷிகா. மன்னாரில் இங்கிலீசு படிப்பிக்கிற ரீச்சர் அவள்.

"வேண்டாம் பிள்ளை. ஒரே இரைச்சல்."

"இப்ப என்னடா வெக்கம்? அண்டைக்குப் பெட்டையளுக்கு முன்னால துள்ளேக்க வரேல்லயே!" பைறூஸ் பாட்டைப் போட்டுவிட்டான்.

கிற்றார் அழுதது. றொட்னியின் இளங்குரல் நெஞ்சைப் பிளக்கும் சோகத்தோடு எழுந்தது. குரலில் ஒரு குறையுமில்லை. ஆனால், ஐயோ, அதில் ஒரு சொல்கூட இங்கிலீசு இல்லை! றேடியோவில் காதில் விழுந்த ஓசைகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி உருட்டியிருந்தார். "அப்பாவுக்கு இங்கிலீசு தண்ணீர்பட்ட பாடு" என்று இந்த மகளிடம் எத்தனை தடவை மார்தட்டியிருப்பார்!

"மச்சான், இது வெள்ளைக்காரனுக்கே விளங்காது," பைறூஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

கிருஷிகா சிரிக்கவில்லை.

"அப்பா, இதை நான் பள்ளிக்கூடத்தில பாடினனான். ரெண்டாம் வகுப்பில, இங்கிலீசுப் போட்டிக்கு. நீங்கள் எஞ்சின் கழட்டேக்க பாடுறதைக் கேட்டுப் பாடமாக்கினது."

றொட்னி மகள் பக்கம் திரும்பினார். "ரீச்சர் என்ன சொன்னவ?"

"சிரிச்சவ. பிறகு எல்லாப் பிள்ளையளும் சிரிச்சதுகள். எங்கட அப்பா பிழை விடமாட்டார் எண்டு அழுதழுது சண்டை பிடிச்சனான்."

"வீட்டில ஒண்டும் சொல்லேல்லயே பிள்ளை..."

"சொன்னா நீங்கள் வெக்கப்படுவியள் எண்டுதான்."

தன் வாய்ப்பெருமைக்காக ஒரு பச்சைக் குழந்தை சபை நடுவே கூனிக்குறுகி நின்றிருக்கிறது. அதையும் மறைத்துத் தகப்பனின் மானத்தைக் காத்திருக்கிறது! றொட்னி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"நிப்பாட்டடா பைறூஸ்," என்று கெஞ்சினார்.

பைறூஸ் கை நீட்டுமுன் கிருஷிகா கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பாட்டின் அடுத்த அடி வந்தது. அர்த்தமில்லாத அந்தச் சொற்களை ஒன்றுகூடப் பிசகாமல், அவளும் கூடச் சேர்ந்து பாடினாள். பைறூஸின் சிரிப்பு நின்றுபோயிற்று. பாட்டு முடிந்த பிறகும் றொட்னி தலை நிமிரவில்லை.