அப்பா தடைசெய்த சொல்

எங்கள் வீட்டில் ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. மழை ஊற்றலாம், கொட்டக்கூடாது. குப்பையைப் போடலாம், கொட்டக்கூடாது. அம்மா வாய்தவறிச் சொல்லிவிட்டால் அப்பா முதலில் யன்னலைத்தான் பார்ப்பார். குடியிருந்த இடமே கொழும்புக் கொட்டாஞ்சேனை. அதற்கு மட்டும் விலக்கு. அந்தச் சொல் ஏதோ தூஷணம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர் 'முரசு கொட்டினான்' என்று வாசித்தபோது வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அப்பாவின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. முகத்துவாரத்துப் படகுகளைத் தண்ணீரில் தள்ளும் பித்தளை விசிறி வார்க்கும் தொழில். மருதானைப் பழைய இரும்புக் கடையில் ஓர் எண்ணெய் உலையை வாங்கி வந்தார். வந்த அன்றே அவருடைய நித்திரை போய்விட்டது. தெருவுக்கு இறங்கும் ஒழுங்கையின் முகப்பில் ஆமியின் காவல் சென்றி. கரும்புகை எழும்பினால் என்ன ஏதென்று வருவார்கள்.

அம்மாவின் தம்பியான சின்ன மாமா அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். ஆமியே இல்லாத பக்கத்தில் இருந்தவர். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. தடையை அப்பா அவருக்கும் சொல்லியிருந்தார். காரணத்தைச் சொல்லவில்லை. சொல்லப்போனால் அந்தச் சொல்லே வாயில் வருமே.

உலை மூட்டிய அன்று நான் தேத்தண்ணீர் கொண்டுபோனேன். எண்ணெய் கூடினால் புகைந்தது, காற்று கூடினால் அணைந்தது. அப்பா வால்வை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவதும் கூரையைப் பார்ப்பதுமாக வியர்த்துக்கொண்டிருந்தார். ஒருவழியாகப் புகை வெளுக்கத் தொடங்கியபோது தாங்கியில் எண்ணெய் முடிந்துவிட்டது. மாமா தகரத்தோடு ஏணியில் ஏறினார். காற்றூதும் மோட்டாரின் இரைச்சலில் அப்பா கீழிருந்து ஏதோ கேட்க, மாமா தொண்டை கிழியக் கத்தினார்.

"கொட்டியாச்சு அத்தான்!"

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் மோட்டார் நின்றது. அப்பாவுக்குக் கேட்கவில்லையாக்கும் என்று மாமா இன்னொருமுறை கத்தியது ஒழுங்கை முழுவதும் கேட்டது.

இரண்டு ஆமிக்காரர் உள்ளே வந்தார்கள். ஒருவன் மாமாவை நோக்கித் துவக்கை நீட்டினான்.

"கொட்டியா?"

சிங்களத்தில் அது புலி. அந்த நாளில் கொழும்பில் எந்தப் புலி என்று யாரும் விளக்கம் கேட்பதில்லை. மாமாவோ, அவன் அரைகுறைத் தமிழில் எண்ணெயைப் பற்றி விசாரிக்கிறான் என்று நினைத்தார். மரியாதையாகத் தலையாட்டினார்.

"ஓம், நான்தான்."

ஓம் என்பது எந்த ஆமிக்காரனுக்கும் விளங்கும். அப்பா, "தெல், மாத்தயா, தெல்," எண்ணெய் ஐயா எண்ணெய் என்று சிங்களத்தில் கெஞ்சியபடி தகரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். தகரத்தை யாரும் பார்க்கவில்லை. மாமாவை இழுத்துக்கொண்டு போனார்கள்; அப்பா பின்னால் ஓடினார்.

கரண்ட் வந்தது. சூடேறியிருந்த செங்கல்லில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொண்டது. பொட்டுப் புகை இல்லை, ஒரே சீரான நெருப்பு. அப்பா காலையிலிருந்து பாடுபட்டது அதற்காகத்தான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சொல்லாதே என்றதைச் சொன்ன மாமாமீது கொஞ்சம் கோபம்கூட வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தூஷணம் பேசியவர்களை முழங்காலில் நிற்பாட்டுவார்கள், மணியடித்ததும் விட்டுவிடுவார்கள்.

"இனிச் சொல்லமாட்டன் எண்டு மாமா சொன்னா விட்டிடுவினம் அம்மா," என்றேன்.

அப்பா தனியே திரும்பிவந்த அன்றிரவு சோற்றுக்கு மாமாவின் தட்டையும் கழுவி வைத்தேன். அடுத்த நாளும் வைத்தேன். அம்மா அதை எடுக்கச் சொல்லவேயில்லை. நானாக எடுத்து வைக்க எத்தனையோ நாள் சென்றது.