இரண்டு ஸ்டிக்கர் ஒட்டிய செடி

அம்மா காலமான பிறகு விவசாயக் காடு அண்ணனுக்கு, சேவூர் வீடு எனக்கு என்று பிரிந்தது. கடைசி இரண்டு வருடங்கள் அம்மா பல்லடத்தில் அண்ணன் வீட்டில்தான் இருந்தார். சேவூர் வீடு பூட்டியே கிடந்தது. பின்னாலிருந்த தோட்டம் இடுப்பளவு வளர்ந்து, துவைக்கிற கல்லுக்குப் போகும் வழியே தெரியவில்லை.

சாவியைக் கொடுக்க நங்கை வந்திருந்தார். அண்ணன் மனைவியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டார்.

“இது நாயுருவி, சேலைல ஒட்டும், தள்ளி வா. இது மூக்கிரட்டை, ஆடு நல்லாத் திங்கும். அந்த வெள்ளையாத் தெரியறது பூளைப்பூ அம்மிணி. பொங்கலுக்கு வாசல்ல காப்புக் கட்டறதுக்குன்னு அத்தை அந்த மூலையக் கொத்தவே உடமாட்டாங்க.”

பூளைப்பூவை வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் சேர்த்துக் கட்டிய கொத்தாகச் சந்தையில் வாங்கித்தான் எனக்குப் பழக்கம். அது மண்ணில் நின்று அன்றுதான் பார்க்கிறேன். வயிறு எரிந்தது. நான் இந்த வீட்டில் பிறந்தவள். அவர் வாழ வந்தவர். ஆடு மேய்த்து வளர்ந்தவர், புல் பூண்டு தெரியாமல் இருக்குமா என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பூவோ மொட்டோ இல்லாமல் ஒரு புதர் நின்றது. களை என்றே நினைத்தேன்.

“டிசம்பர் பூவு அம்மிணி இது. அத்தை ஆசையா வெச்சது. உனக்குத் தெரியாதா?”

“தெரியாம என்னங்க” என்றேன். பொய். மார்கழியில் அம்மா தலையில் அந்த ஊதா நிறத்தைப் பார்த்திருக்கிறேன். எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவேன், ஷிப்மென்ட் பற்றி போனில் கத்திக்கொண்டே சாப்பிடுவேன், கிளம்பிவிடுவேன். நான் கத்திக்கொண்டிருந்த நேரத்தில் இந்த நங்கை அம்மாவோடு தோட்டத்தில் நின்றிருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் ஆறவில்லை.

“சுத்தம் பண்ணறன்னிக்கு நானும் வரட்டுமா?” என்று கேட்டார்.

“வேண்டாமுங்க, ஆள் சொல்லிட்டேன்.” அதுவும் பொய்தான்.

செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ஆப் ஒன்றைப் போனில் ஏற்றிக்கொண்டேன். அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை குனிந்து குனிந்து படமெடுத்தேன். அது குப்பைமேனிக்கு வாயில் நுழையாத பெயர் ஒன்றைச் சொன்னது. துளசியைப் புதினா என்றது. அதோடு சண்டை போட்டு, வைத்துக்கொள்ள வேண்டியவை எவை என்று நானே முடிவு செய்தேன். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் இருபது வருடமாகச் செக்கிங் பார்ப்பவள் நான். கைப்பையில் எப்போதும் கிடக்கும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர்களை எடுத்து, பிழைத்திருக்க வேண்டிய செடிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினேன். பூளைப்பூவுக்கு ஒன்று. துளசிக்கு ஒன்று. டிசம்பர் பூவுக்கு மட்டும் இரண்டு. என்ன ஆனாலும் அது தப்பக்கூடாது.

நான்காவது ஞாயிறு என் செக்கிங் டேபிளில் வேலை செய்யும் இரண்டு பெண்களை அழைத்துப் போனேன். தென்காசிப் பக்கத்துப் பிள்ளைகள், கை சுறுசுறுப்பு. “ஸ்டிக்கரைப் பார்த்துச் செய்யுங்க” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டிபன் வாங்க அவிநாசி வரை போய்வந்தேன்.

திரும்பி வந்தபோது பார்த்தீனியக் களை அப்படியே தலையாட்டிக்கொண்டு நின்றது. நாயுருவி நின்றது. துளசியைக் காணோம்.

“ஸ்டிக்கர் ஒட்டுனதப் பூராம் புடுங்கியாச்சுக்கா. கல்லுகிட்ட ஒண்ணுல ரெண்டு ஸ்டிக்கர் இருந்துச்சு. பெரிய டிஃபெக்ட் போலன்னு கடப்பாறையப் போட்டு வேரோட எடுத்துட்டோம்.”

எப்படித் திட்டுவது? ஸ்டிக்கர் இருந்தால் அந்தப் பீஸை யோசிக்காமல் ஒதுக்கு என்று அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பிடுங்கியதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். வேலிக்கு வெளியே போட்டதாகச் சொன்னார்கள். பக்கத்துக் காட்டு வெள்ளாடுகள் அங்கே தின்று முடித்திருந்தன. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குழி மட்டும் இருந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அம்மாவின் டிசம்பர் பூ இன்னும் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. பல்லடத்துக்குக் குடிபோனபோது அம்மா ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு போய், நங்கை வீட்டு வாசலில் பெயின்ட் வாளியில் நட்டிருந்தார். அந்த வாளியை எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன்; அதில் இருப்பது இதே செடி என்று இப்போதுதான் உறைத்தது. நங்கையிடம் போய்க் கேட்பதா என்று பத்து நாள் மனம் வரவில்லை. குழி காய்ந்து வெடித்த பிறகு போனேன்.

“டிசம்பர் பூவுல ஒரு குச்சி வேணுமுங்க.”

அங்கே இருந்த செடி என்ன ஆயிற்று என்று கேட்பார் என்று பதில் தயாராக வைத்திருந்தேன். கரையான் என்று சொல்வதாக உத்தேசம். அவர் கேட்கவில்லை. என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

“குச்சி எதுக்கு அம்மிணி? வாளியோட எடுத்துட்டுப் போ. நான் ஒரு குச்சி ஒடிச்சு வெச்சுக்கறேன்.”

அதே குழியில் வைத்தேன். மார்கழியில் பூத்தது. படம் எடுத்து, ‘அம்மா வைத்த டிசம்பர் பூ, சேவூர்த் தோட்டத்தில்’ என்று எழுதி, சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. சித்தி, மாமன் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அம்மாவின் கை அப்படியே உனக்கு என்று ஒருவர் எழுதினார். நங்கை ஏதாவது சொல்லிவிடுவார் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மிணி நல்லாப் பாத்துக்கறா” என்று மட்டும் எழுதியிருந்தார்.

அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். செடிகளின் பெயர்களைவிட, இதற்குத்தான் இப்போது அவர் மேல் அதிகப் பொறாமை.