ஏணி இறங்கியதும் நிறுத்திய படம்

ஒரு படத்தின் கடைசிப் பதினோரு நிமிடத்தை நான் வெட்டினேன். பிறகு ஒரு கூட்டத்தில் அதைப் பற்றி என்னிடம் கேட்டபோது, வெட்டவில்லை என்று சொன்னேன். முதல் தவறு அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் பலரும் செய்தது. இரண்டாவது என்னுடையது மட்டும். அதனால் திரவியம் என்ற நண்பர் தன் மனைவி முன்னால் பொய்யரானார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் சங்க மலரில், தியேட்டர் வேலைக்கு வரும் இளைஞர்களுக்காக எழுதச் சொன்னார்கள். வேறு எதை எழுதினாலும் இதை மறைப்பதற்காக எழுதியதாகவே ஆகும். அதனால் இதையே எழுதுகிறேன்.

மதியக் காட்சி

பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வாத்தியார் வேலைக்குக் காத்திருந்த இடைவெளியில் தென்காசியில் ஒரு தியேட்டரில் மேனேஜராகச் சேர்ந்தேன். அந்த இடைவெளி நான் ஓய்வு பெறும்வரை நீண்டது.

தொண்ணூறுகளில், தமிழில் டப் செய்த ஆங்கிலப் படங்கள் எங்களுக்கு அடிக்கடி வரும். போஸ்டரில் ராக்கெட் இருந்தால் மதியக் காட்சிக்குத் திரவியம் வந்துவிடுவார். பாவூர்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் ஏலம் கூறுகிறவர். விடியுமுன் தொடங்கும் வேலை மதியத்துக்குள் ஓய்ந்துவிடும். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு பஸ் ஏறுவார். கத்திக் கத்திக் கரகரத்த தொண்டையோடு டிக்கெட் கேட்பார். பத்தாவது வரைதான் படிப்பு. ஆனால் நான் பார்த்த மனிதர்களில் அவரளவுக்குப் படம் பார்க்கத் தெரிந்தவர் இன்னொருவர் இல்லை.

படம் முடிந்ததும் நேராக என் அறைக்கு வருவார். பழைய நோட்டீஸ் ஒன்றின் பின்பக்கத்தில் நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருந்தோம். அந்தப் பத்தாண்டின் சிறந்த பத்து விஞ்ஞானப் படங்கள். பேய்ப் படத்துக்கும் ராட்சத மிருகப் படத்துக்கும் இடமுண்டா என்பதிலேயே ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை போட்டோம். நான் விஞ்ஞானம் சரியா என்று பார்ப்பேன். காற்றில்லாத வெளியில் குண்டு வெடித்துச் சத்தம் கேட்டால் ஒரு மார்க் குறைப்பேன்.

"மார்க் போடுததுக்கு நீங்க என்ன வாத்தியாரா அண்ணாச்சி? உள்ள இருக்கவன் பயந்தானா இல்லையா, அதச் சொல்லுங்க."

"வே, சத்தமே கேக்காதுங்கிறேன். எதுக்குப் பயப்படுதான்?"

"கேக்காட்டா இன்னும்லா பயம்."

ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில் பயணம் செய்பவனுக்கு வயது மெதுவாகத்தான் ஏறும் என்று ஒருநாள் விளக்கினேன். கன்னத்தில் கை வைத்துக் கேட்டார். "அப்ப நம்ம மார்க்கெட் டெம்போக்காரனுக்கு வயசே ஆவக் கூடாதே," என்றார்.

வீட்டில் என் மனைவிக்கு சினிமா பிடிக்காது. முதலாளிக்கு ஹவுஸ்ஃபுல் போர்டு மட்டும் பிடிக்கும். நான் படித்த படிப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டவர் இந்த ஒருவர்தான்.

பாட்டில்லாத படம்

ஒரு குற்றால சீசனில் எங்களுக்கு ஒரு படம் வந்தது. நாங்கள் அதை ஏணிப் படம் என்போம். வேறொரு நட்சத்திரத்துக்குக் கணவனை அனுப்பிவிட்டு ஒருத்தி பாலைவனத்தில் காத்திருக்கிறாள். அவன் திரும்பும்போது அவனுக்கு நாலு வயது கூடியிருக்கும், அவள் கிழவியாகியிருப்பாள். கடைசியில் கப்பல் வந்து இறங்குகிறது.

சீசனில் ஐந்தருவியில் குளித்தவர்கள் ஈரத்துண்டோடு தென்காசி தியேட்டர்களுக்கு வருவார்கள். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "மேனேஜரே, சீசன் முடியுதவரைக்கும் அஞ்சு ஷோ ஓட்டணும். டயத்த நீரே பாத்துக்கிடும்."

டயத்தைப் பார்த்துக்கொள்வது என்றால் வெட்டுவது. தமிழ்ப் படம் என்றால் சிரமமில்லை. ஆபரேட்டர் மாடசாமி ரீலைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

"பாட்டு இருந்தா ரெண்டு பாட்டத் தூக்கிரலாம் சார். இதுல ஒரு பாட்டும் இல்லையே. எங்கன வெட்ட?"

நான் முழுப் படத்தையும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். கப்பலின் கதவு திறக்கிறது, ஏணி இறங்குகிறது, கிழவி நிமிர்ந்து பார்க்கிறாள். அதன் பிறகு பதினோரு நிமிடம் வெறும் பேச்சு. கணவன் இறங்கி வருகிறான், அதிகாரி உரையாற்றுகிறார், அந்த நட்சத்திரத்திலிருந்து கொண்டுவந்த மருந்தைக் குடித்து அவள் மறுபடி இளமையாகிறாள்.

"ஏணி தரையத் தொட்டதும் நிறுத்திரும். அடுத்தாப்ல வணக்கம் சிலைடு," என்றேன்.

அன்று மதியக் காட்சி முடிந்து திரவியம் வந்தார். உட்காரவில்லை. நோட்டீஸை எடுத்து, முதல் இடத்தில் இருந்த படத்தை அடித்து, அங்கே இதை எழுதினார்.

"யாரு எறங்குவான்னு காட்டல, பாத்தீங்களா அண்ணாச்சி? அவன் எறங்குனாலும் அவளுக்குக் கஷ்டம். எறங்காட்டாலும் கஷ்டம். நம்மளக் கொண்டுபோயி அவ பக்கத்துல நிப்பாட்டிட்டுப் போயிட்டான், படம் எடுத்தவன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அந்த முடிவு என் கத்தரியால் வந்தது. என் அறையிலேயே நின்று ஒருவர் அதை இவ்வளவு புகழ்கிறார். சொன்னால் புகழ் போய்விடும். "ஆமா வே, பெரிய ஆளுதான்," என்று மட்டும் சொன்னேன். மூன்று வாரத்தில் நாலு முறை அந்தப் படத்தைப் பார்த்தார்.

லாட்ஜ் மாடி

அந்தப் பத்தாண்டு முடியும் சமயம், எங்கள் வட்டாரத்து சினிமா ரசிகர்கள் சிலர் குற்றாலத்தில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் கூட்டம் போட்டார்கள். பத்தாண்டின் சிறந்த விஞ்ஞானப் படம் எது என்பது தலைப்பு. பேசுகிறவர்களில் ஒருவராகத் திரவியத்தின் பெயரைக் கொடுத்தது நான்தான். அவர் மூன்று வாரம் எழுதித் தயாரித்தார். பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்தாராம். கூட்டத்தன்று மனைவி பேச்சியம்மாளையும் அழைத்து வந்து இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார். முன் வரிசையில் எங்கள் முதலாளி. ஊர்ப் பிரமுகர் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

அவர் பேச எழுந்தபோது மைக் தேவைப்படவில்லை. ஏலம் கூறிய குரல். ஆனால் அன்று அதைத் தாழ்த்திப் பேசினார். கப்பலைப் பற்றி, பாலைவனத்தைப் பற்றி, தலை நரைத்ததை அந்தப் பெண் முதன்முதலாகக் கண்ணாடியில் பார்க்கும் காட்சியைப் பற்றி. ஹாலில் ஒருவரும் அசையவில்லை. கடைசிக்கு வந்தார். "நாலு தடவ பாத்தேன். ஏணி தரையத் தொடுது. அதோட படம் முடியுது. இப்பிடி முடிக்கிறதுக்கு ஒரு தைரியம் வேணும்."

ஒரு கல்லூரி விரிவுரையாளர் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும். அதோட முடியல. நான் கேசட்ல பாத்தேன். அந்தம்மா மருந்து குடிச்சுக் குமரியாயிடுவாங்க."

ஹால் சிரித்தது. திரவியமும் சிரித்தார், அந்த ஆள் தப்பாகச் சொல்கிறார் என்ற நம்பிக்கையில். மேடையில் இருந்த என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நம்ம தியேட்டர்ல எப்பிடி முடிஞ்சுது?"

முதலாளி என்னைப் பார்த்தார். வெட்டி ஓட்டினோம் என்று வெளியே தெரிந்தால் விநியோகஸ்தர் அடுத்த படப்பெட்டியைத் தர மாட்டார். இதையெல்லாம் யோசித்தேன் என்று சொல்வது எனக்கு நானே கொடுக்கும் சமாதானம். உண்மையில் நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"முழுசாத்தான் ஓட்டுனோம் வே. நீரு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு முன்னாலயே எந்திச்சுப் போயிருப்பீரு."

இந்த முறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பின்னாலிருந்து ஒருவன், "நாலு தடவையும் பஸ்ஸா?" என்றான். திரவியம் என்னை ஒரு கணம் பார்த்தார். கையிலிருந்த தாள்களை மடித்துப் பையில் வைத்தார். மீதி இரண்டு பக்கத்தைப் பேசாமலே இறங்கினார். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் எங்கள் தியேட்டருக்கு வரவில்லை. வேறு தியேட்டருக்கும் போகவில்லை என்று மாடசாமி சொன்னார். மார்க்கெட்டில் 'அரைப்படம்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்களாம். எத்தனையோ ராக்கெட் படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் முடிந்து வணக்கம் சிலைடு விழும்போது அறைக் கதவைப் பார்ப்பேன்.

குத்துக்கல்வலசை

போன வருடம் தென்காசியில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் கூடிப் பேசும் இடத்தில், கடந்த பத்தாண்டின் சிறந்த விஞ்ஞானப் படம் எது என்று பேச்சு வந்தது. நான் ஒரு படத்தைச் சொல்லி, கருந்துளை, ஈர்ப்பு விசை என்று கால் மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். யாராவது மறுப்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் மறுக்கவில்லை. நான் யாருடைய மறுப்புக்குக் காத்திருக்கிறேன் என்பது அப்போது தெரிந்தது. அடுத்த நாள் காலை குத்துக்கல்வலசைக்குப் பஸ் ஏறினேன். அங்கே அவர் வீடு கட்டிக்கொண்டு வந்து பல வருடம் ஆகிறது. என் வீட்டிலிருந்து அது பத்து நிமிட தூரம்.

வாசலில் வெண்டைக்காய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தவில்லை.

"வாரும் மேனேஜர்," என்றார். அண்ணாச்சி என்று சொல்லவில்லை.

உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் வெட்டினேன், நான் பொய் சொன்னேன், நீங்கள் கடைசிவரை பார்த்தீர்கள். அவர் அடுத்த செடிக்கு நகர்ந்து தண்ணீர் ஊற்றினார். பிறகு, "மருந்து குடிக்கது நெசந்தானா?" என்று கேட்டார்.

"நெசந்தான்."

"அப்ப அந்த லெக்சரர் சொன்னது சரி. நான் சொன்ன படம் ஒலகத்துல எங்கயுமே இல்ல."

"இருந்துச்சு வே. மூணு வாரம் தென்காசில ஓடுச்சு."

அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட எதுக்குச் சொல்லுதீரு? நான் கடைசிவரைக்கும் இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு பஸ்ஸுல அவ கேட்டா, 'நெசமாவே பாதில வந்துட்டீங்களா?'ன்னு. அன்னையிலேருந்து வீட்ல நான் எதச் சொன்னாலும், 'முழுசாப் பாத்தீங்களா'ங்கிறா. பிள்ளைகளும் அதையே சொல்லுது. வெளையாட்டுக்குத்தான். உள்ள இருக்கா. அவகிட்டப் போயிச் சொல்லும்."

அடுக்களை வாசலில் நின்று சொன்னேன். முதலாளி முன் வரிசையில் இருந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாம். பேச்சியம்மாள் அடுப்பை அணைத்தார்.

"எல்லாரும் இருக்கையில இவுகளச் சொன்னீங்க. இப்ப நான் ஒருத்திதான் கேக்கேன்," என்றார்.

அது உண்மை. முதலாளியும் மாடசாமியும் இறந்துவிட்டார்கள். அந்த விரிவுரையாளர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்தும் தெரியவில்லை. அந்த ஹாலில் சிரித்தவர்களை இனிமேல் கூட்ட முடியாது. அதனால்தான் இதை அச்சில் எழுதுகிறேன். பெயரைப் போடலாமா என்று திரவியத்திடம் கேட்டேன். "போடும். ஏற்கெனவே ஊருக்குத் தெரிஞ்ச பேருதானே," என்றார்.

இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் உண்டு. வேலையில் வெட்டு, ஒட்டு எல்லாம் நேரும். அதைப் பற்றி நாலு பேர் முன்னால் கேட்டால், அந்த நாலு பேர் கலைவதற்குள் ஒத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாதம் இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போகிறேன். காப்பி வருகிறது. அவர் வெண்டைச் செடியைப் பற்றிப் பேசுவார். படப் பேச்சை எடுத்தால், "அதெல்லாம் விட்டாச்சு மேனேஜர்," என்பார். போன முறை பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தார்.

"முந்தாநாளு டி.வி.ல ஒரு ராக்கெட் படம் போட்டான் அண்ணாச்சி. இவுக உக்காந்து பாத்தாவ. நானும் கூடவே உக்காந்தேன். ஒருத்தன் அஞ்சாறு பேரக் காப்பாத்த அங்கனயே தங்கிருதான். அது எனக்குப் பிடிக்கல."

"ஏட்டி, அவன் வந்திருந்தா மத்தவன் பூராம் செத்திருப்பான்," என்றார் திரவியம்.

"சாவட்டும். வீட்ல ஒருத்தி காத்துக்கிட்டு இருக்காள்ல?"

"அவளுக்குத் தெரியும், இவன் வரமாட்டான்னு. கடைசில அவ லைட்ட அணைக்காள்லா, அத நீ பாக்கல."

"பாத்தேன். அவ தூங்கப் போறா, அணைக்கா."

"தூங்கவா? நல்லாப் பாத்த போ."

அவர் குரல் உயர்ந்தது. பழைய கரகரப்பு அதில் அப்படியே இருந்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்திருந்தேன். விளக்கைப் பற்றி எனக்கும் ஒரு கருத்து இருந்தது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.