ஐஸ் உடைக்க ஓர் ஆள்

டெபோராவிடம் ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் அதோடு மறந்துவிடலாம். பெருங்களத்தூரில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் அவள் அட்மின் உதவியாளர். ஏசி ரிப்பேர், பிறந்தநாள் கேக், வாஷ்பேசின் அடைப்பு எதுவானாலும் அவள்தான். 'முடியாது' என்று அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. 'புரியவில்லை' என்று சொல்லியும் கேட்டதில்லை. வம்பு அங்கேதான் வந்தது.

போன ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது மேனேஜர் சத்யநாராயணனிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு வாட்ஸ்அப். நாளைக் காலை வேலையில் சேரும் புதியவர்களுக்கு முதலில் ஓர் ஐஸ் பிரேக்கர், ஏற்பாடு செய்துவிடுங்கள். டெபோரா உடனே போன் செய்தாள். அவர் நெல்லூரில் மைத்துனன் கல்யாணத்தில் இருந்தார். மேளச் சத்தத்துக்கு நடுவே, "எஸ் எஸ், ஐஸ் பிரேக்கர்! ஜாலியா இருக்கணும்!" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார்.

"ஆபீஸ்ல இன்னாத்துக்குய்யா ஐஸ் உடைக்கணும்?" என்று கணவனைக் கேட்டாள். ஏசுபாதம் குட்டியானை என்கிற சின்ன சரக்கு வண்டி ஓட்டுகிறவர். உலகத்தில் அவருக்கு விளக்கம் இல்லாத விஷயம் கிடையாது.

"வெயில் இன்னா போடு போடுது! வர்ற புள்ளைங்களுக்கு ஜில்லுனு எதுனா குடுப்பாங்கோ."

"பிரிட்ஜுலதான் ஐஸ் கீதே. உடைக்க ஆள் எதுக்கு?"

"அதாம்மா லைவ் கவுன்ட்டர்! கல்யாணத்துல கண்ணு முன்னால தோசை ஊத்தல? அது மாதிரி."

டெபோராவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

மறுநாள் காலை குட்டியானை பல்லாவரம் போய், சாப்பிடுகிற ஐஸ்தானா என்று கேட்டுக் கேட்டு ஒரு முழு ஐஸ் பாரை ஏற்றிக்கொண்டு திரும்பியது. டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் மரச் சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு தனக்கோடி அக்கா. மீன் கடைகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவள். சாப்ட்வேர் கம்பெனி என்றதும் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து வந்திருந்தாள்.

மாநாட்டு அறையில் புதியவர்கள் கழுத்தில் அடையாள அட்டையோடு விறைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எச்ஆர் ஸ்ரீவித்யா முதல் ஸ்லைடைப் போட்டபோது கதவு திறந்தது. தள்ளுவண்டியில் சாக்கு சுற்றிய ஐஸ் பார், புகைவிட்டுக்கொண்டு உள்ளே வந்தது.

"டெபோரா... என்ன இது?"

"ஐஸ், மேடம். பிரேக்கர் பின்னாடி வர்றாங்க."

தனக்கோடி அக்கா சுத்தியலோடு உள்ளே வந்து எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள்.

கடைசி வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான், அறையே வெடித்தது. தனக்கோடி அக்கா போட்ட முதல் அடியில் பாதி ஐஸ் வண்டியிலிருந்து நழுவி, பளபள டைல்ஸில் சறுக்கிக்கொண்டு வெளியே ஓடியது. "புடி, புடி!" புதியவர்கள் நாற்காலிகளைத் தள்ளிவிட்டு அதன் பின்னால் ஓடினார்கள். பேர் தெரியாத இரண்டு பேர் இரண்டு பக்கமும் அணைத்துப் பிடிக்க, அது வழுக்கி அக்கவுன்ட்ஸ் பக்கம் போனது. அந்த நேரம் பார்த்து, ரயிலிலிருந்து நேராக வந்த சத்யநாராயணன் லிஃப்டை விட்டு வெளியே கால் வைத்தார். ஈரத்தில் சர்ரென்று சறுக்கி, ஐஸுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"யார் இதைக் கொண்டுவரச் சொன்னது?"

"நீங்கதான் சார். ஜாலியா இருக்கணும்னீங்க."

அவர் ஐஸைப் பார்த்தார். சுத்தியலைப் பார்த்தார். உட்கார்ந்த இடத்திலேயே தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தவர் எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது. வண்டியில் மிஞ்சிய ஐஸைப் போட்டு அன்று எல்லாருக்கும் ரோஸ்மில்க் கிடைத்தது. மதியத்துக்குள் புதியவர்கள் ஒருவரையொருவர் 'மச்சான்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு பேன்ட்ரியில் வைத்து ஸ்ரீவித்யா விளக்கினாள். புது ஆட்கள் பேசாமல் இறுகிப்போய் இருப்பதுதான் ஐஸாம். அந்தக் கூச்சத்தைப் போக்க ஒரு சின்ன விளையாட்டு வைப்பதுதான் உடைப்பதாம். டெபோரா சிரித்தாள் பாருங்கள், பிளாஸ்க் மேல் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வழிய, "பட்டுப்புடவை மேடம், பட்டுப்புடவை!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மூச்சு வந்ததும் கேட்டாள்: "இந்த மாதிரி வேற இன்னா கீது மேடம், சொல்லுங்க."

அன்று பிடித்த பைத்தியம். தினமும் ஒன்றைக் கேட்டு வந்து, சர்ச் பெண்கள் குழுவுக்கு வாய்ஸ் மெசேஜில் பாடம் எடுத்தாள். "'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'னா ரொம்ப அபூர்வமா. எங்க நாத்தனார் பிரியாணி எடுத்துகினு நம்ம வூட்டுக்கு வர்ற மாதிரி." நாத்தனார் ஷீலாவும் அதே குழுவில்தான் இருந்தாள். மறுநாளே குண்டானோடு வந்து நின்று, "இந்தா உன் நீல நிலா" என்று வைத்துவிட்டுப் போனாள். 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் ரொம்பச் சுலபம் என்று சொன்னபோது ஏசுபாதம் ஒத்துக்கொள்ளவே இல்லை. "போன கிறிஸ்மஸுக்கு நீ செஞ்ச கேக்கை வெட்ட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்." 'அண்டர் த வெதர்' என்றால் உடம்பு சரியில்லை என்று அவள் சொல்லிக்கொடுத்த நாளில் குழுவில் பாதிப் பேர் வேலைக்கு அதையே காரணமாகச் சொல்லி லீவு போட்டார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய மிக்ஸி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். கடைக்காரர் சொன்ன விலையில் அவளுக்கு மூச்சு முட்டியது.

"இன்னாண்ணா, ஒரு கையும் காலும் கேக்கறியே!"

"இன்னாக்கா சொல்ற?"

"இங்கிலீஷ்ல அப்படித்தான் சொல்வாங்கோ. வெலை ரொம்ப ஜாஸ்தினு அர்த்தம்."

கடைக்காரர் மிக்ஸியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலு எனக்கே ரெண்டு கீதுக்கா. கையை மட்டும் குடு, இந்த வயரைக் கொஞ்சம் புடிச்சுக்கோ, ஓடுதான்னு பாத்துடலாம்."

மிக்ஸி பெரிய சத்தத்தோடு ஓடியது. கடைக்காரரும் டெபோராவும் அதைவிடப் பெரிய சத்தத்தோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள்.