எஞ்சின் சூடு

குமராட்சி மினிபஸ் டிரைவர் செம்பியனுக்கு 2009 மாசியில் ஒன்றுக்குப் போனால் நெருப்பாய் எரிந்தது, சீழும் வடிந்தது. டாக்டரிடம் போவானா? சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இல்லாத டாக்டரா!

"எஞ்சின் சூடுடா மச்சான். பானெட்டு பக்கத்துலயே நாள் பூரா குந்திக்கினு இருந்தா வேற என்னா ஆவும்?" என்று கண்டக்டர் தங்கராசு தீர்ப்புச் சொன்னான். இளநீர், வெந்தயம், எண்ணெய்க்குளியல் எல்லாம் ஆயிற்று. சளி பிடித்ததுதான் மிச்சம். எரிச்சலுக்கு நாலு நாள் முன்னால் வண்டிக்கு எஃப்.சி. காட்டக் கடலூர் போனவன், லாட்ஜில் தனியாகத் தங்கவில்லை. அதை மட்டும் ஒருவரும் விசாரிக்கவில்லை. வண்டி என்னவோ பாஸாகிவிட்டது.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்ட நர்ஸ் ராமாமிர்தம், "எஞ்சின் சூடா? இந்த மாசத்துல நீங்க அஞ்சாவது டிரைவர்" என்றாள். "இது கிருமிங்க. வெட்டை நோய். மாத்திரைக்குக் கேக்கும். வீட்டம்மாவுக்கும் தொத்தியிருக்கும், பொம்பளைங்களுக்குப் பாதி நேரம் வெளிய தெரியாது. கூட்டிக்கிட்டு வாங்க."

"அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்கா" என்று கூசாமல் புளுகினான். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து முதல் பிள்ளை சுமக்கும் அமராவதி, அந்த நேரம் வீட்டில் அவனுக்குத்தான் வெந்தயம் ஊறவைத்துக்கொண்டிருந்தாள்.

ராமாமிர்தம் இரண்டு பாக்கெட் கொடுத்தாள். "ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு அவுங்களுக்கு. ஒரே நாள்ல சாப்புடுங்க. ஒரு வாரம் தள்ளிப் படுங்க."

என்ன சொல்லி அவளிடம் கொடுப்பது? செம்பியனின் மூளை வேலை செய்தது, சும்மா இருந்திருக்கலாம். இரண்டையும் அவனே விழுங்கினான். பெண்டாட்டி பங்கும் தீர்ந்தது, ஆகா! மூன்றாம் நாள் எரிச்சல் போயிற்று. மாதம் முடிவதற்குள் திரும்பி வந்தது; மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"ரெண்டாவது பாக்கெட்டு எங்க?"

"நானே போட்டுக்கிட்டேன் மேடம்."

ராமாமிர்தம் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க தின்னா அவுங்களுக்குப் பசியாறுமா? அவுங்ககிட்டேர்ந்து ஒங்களுக்கே திரும்பியிருக்கு. முழுகாம இருக்காங்களா?"

"ஏழு மாசம்."

அவள் முகம் மாறியது. "பெறக்கறப்ப கொழந்த கண்ணுல கிருமி பூந்துடும்யா. பார்வையே போயிடலாம். இன்னிக்கே கூட்டியா!"

ஆறு வருஷம் காத்திருந்த பிள்ளை. அதன் கண்ணையா பணயம் வைத்தோம் என்று செம்பியனுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றைக்கே அமராவதியைக் கூட்டி வந்தான். நர்ஸ் ஒளிக்காமல் சொன்னாள். அமராவதி கேட்டது ஒன்றே ஒன்று: "மாத்திரை புள்ளைக்கு ஒண்ணும் பண்ணாதே?"

"பண்ணாதும்மா. இப்ப போட்டுக்கிட்டாதான் அதுக்கு நல்லது."

அங்கேயே விழுங்கினாள். அவனும் தன் பங்கை மட்டும் விழுங்கினான். செம்பியனுக்கு உயிர் வந்தது. அதோடு விட்டானா? வழியெல்லாம் பாடம் பண்ணி வந்ததை ஒப்பித்தான். "டிரைவருங்களுக்கு வர்றதுதான் அமரா. எல்லாம் எஞ்சின் சூடு."

அமராவதி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்புடியா மாமா? நான் எந்த வண்டி ஓட்டுனேன்?"